பிசைந்து பார்த்துவிட்டுப் பேசுவோம்



பள்ளியில் இருந்த காலத்தில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கணக்கிலோ அறிவியலிலோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தால், மறுநாள் முதல் வேலையாக அதைக் கரும்பலகையில் எழுதி, அடித்துவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுவேன். "டீச்சரே தப்பு விட்டுட்டாங்க" என்று பின் பெஞ்சில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். இப்போது கரும்பலகை இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். மாவு ஊறுகிற நேரத்துக்குள் படித்துவிடலாம்.

போன வருடம் நம் முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியை அனுப்பினேன். மைதா ஒரு விஷம், அதில் அலாக்சான் என்ற ரசாயனம் இருக்கிறது, புரோட்டா தின்றால் சர்க்கரை நோய் நிச்சயம் என்று இருந்தது. எங்கிருந்து வந்தது, யார் எழுதியது என்று பார்க்கவில்லை. நல்ல விஷயம்தானே என்று அனுப்பிவிட்டேன். கீழே வரிசையாகக் கை கூப்பும் படங்களும் "நன்றி டீச்சர்"களும் வந்தன. எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது.

அன்று இரவு கடை அடைக்கும் நேரத்தில் ஒரு குரல் பதிவு தனியாக வந்தது. என் பழைய மாணவன். பெயர் சொல்ல மாட்டேன், உங்களில் பலருக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவன். அவன் அப்பா, அம்மா இருவரும் விடியற்காலையில் ஜீப் ஏறி மெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர்கள். இவன் போடியில் ஒரு ஓட்டலில் மேசை துடைக்கச் சேர்ந்தான். பிறகு மாவு பிசைந்தான், பிறகு கல்லுக்கு முன்னால் நின்றான். இன்று சொந்தமாகச் சின்னப் புரோட்டாக் கடை. சாயங்காலம் மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கும் நேரத்தில் அங்கே உட்கார இடம் கிடைக்காது.

அவன் சொன்னது இதுதான்: "டீச்சர், நீங்க சொன்னா சரியாத்தேன் இருக்கும். எம் மக காலேசுல படிக்கிது. எம் போன்ல அதப் படிச்சுட்டு, 'ஏம்ப்பா, இத்தன வருசமா சனங்களுக்கு வெசத்தையா குடுத்தோம்'னு கேக்குது. அதுக்கு என்ன டீச்சர் சொல்றது?"

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என்ன பதில் போடுவது என்று தெரியாமல் போடாமலே விட்டேன். நாளானால் அவனும் மறந்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த மே மாத விடுமுறைக்குச் சென்னையிலிருந்து பேத்தி வந்தாள். ஆறாம் வகுப்பு முடித்தவள். வந்த மூன்றாம் நாள், "அப்பத்தா, பீட்சா வேணும்" என்றாள். சிலமலைக்கு வீடு தேடி வந்து பீட்சா தருவார் யாருமில்லை. "அது மைதா, விஷம்" என்றேன். "விஷம்னா சாப்பிட்டவங்க செத்துருவாங்களா? அதுல என்ன இருக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அறிவியல் டீச்சர்! "ஏன் என்று கேளுங்கள்" என்று வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் சொன்னவள்! ஒரு வருடத்தில் இரண்டாம் முறையாக ஒரே கேள்வி, இரண்டு பிள்ளைகளிடமிருந்து.

நம் மாணவர்களில் மருத்துவரான ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "டீச்சர், மூணு வேற வேற விஷயத்தை ஒண்ணாக் குழப்பிக்கிறாங்க" என்று பொறுமையாகப் பிரித்துச் சொன்னார். நான் வகுப்பில் சொல்வதைப் போல வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, அலாக்சான். இப்படி ஒரு பொருள் இருப்பது உண்மை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அது அழிக்கும் என்று 1943இல் முயல்களிடம் கண்டறிந்தார்கள். அன்றிலிருந்து ஆய்வுக்கூடங்களில் எலிகளுக்கு நீரிழிவை வரவழைக்க அதை ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள். மாவை ரசாயனம் போட்டு வெளுக்கும்போது மிக மிகச் சிறிய அளவில் அது உண்டாகலாம். ஆனால் ஊசியில் ஏற்றும் அளவு வேறு, மாவில் ஒட்டியிருக்கக்கூடிய அளவு வேறு. மனிதருடைய இன்சுலின் செல்கள் எலியின் செல்களைவிட அதை நன்றாகவே தாங்குகின்றன என்றும் ஆய்வுகள் உண்டு. மைதாவில் உள்ள அலாக்சானால் மனிதருக்குச் சர்க்கரை நோய் வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. நான் அனுப்பிய செய்தியில் இதில் ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவது, பொட்டாசியம் புரோமேட். ரொட்டி நன்றாக உப்பி வருவதற்காக மாவில் சேர்த்துவந்த பொருள். மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்ற பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை வைத்தது. 2016இல் டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடை ரொட்டிகளைச் சோதித்து வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு, அதே ஆண்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடை செய்தது. ஆகவே பயப்பட எதுவுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது மாவில் பிறந்த குற்றம் இல்லை. அவசரத்துக்காக மனிதர் சேர்த்த பொருள். கையால் பிசைந்து, காத்திருந்து செய்கிறவருக்கு அது தேவையே இல்லை.

மூன்றாவதுதான் நாம் உண்மையாகக் கவலைப்பட வேண்டியது. கோதுமையின் மேல் தவிட்டையும் முளையையும் நீக்கிவிட்டு நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதியை மட்டும் அரைத்தது மைதா. நார்ச்சத்து போய்விடுகிறது, சத்துகளில் பெரும்பகுதி போய்விடுகிறது. சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. தினமும் தின்றால் கெடுதல், எப்போதாவது அளவோடு தின்றால் உணவு. தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றுக்கும் கிட்டத்தட்ட இதே நியாயம்தான். சோற்றை யாராவது விஷம் என்கிறோமா?

"அப்ப நாமளே செஞ்சு பாத்துருவோம்" என்று பேத்தியிடம் சொன்னேன். என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. போடிக்குப் போய் ஈஸ்ட் வாங்கி வந்தோம்.

முதல் நாள் தோல்வி. கொழுக்கட்டைக்கு மாவு கிளறிய கை அல்லவா? கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். மூன்று மணி நேரம் மூடி வைத்தும் அம்மிக் குழவி மாதிரி அப்படியே கிடந்தது. "அப்பத்தா, இது தூங்குதா?" என்றாள் பேத்தி. தூங்கவில்லை, செத்துவிட்டது. ஈஸ்ட் உயிருள்ள பூஞ்சை. நொதித்தல் என்பது உயிருள்ளவை செய்யும் வேலை என்று லூயி பாஸ்டர் 1857 முதல் செய்துகாட்டிய பாடத்தை எத்தனை வருடம் நடத்தியிருப்பேன்! அறுபது டிகிரிச் சூட்டில் ஈஸ்ட் பிழைக்காது. கை பொறுக்கிற வெதுவெதுப்புதான் அதற்கு வேண்டும். அரிசி மாவுக்கு வெந்நீர் ஏன் என்றால், அரிசி தானாக ஒட்டிப் பிடிக்காது, சூட்டில் அதன் மாச்சத்து குழைந்தால்தான் உருட்ட வரும். கோதுமைக்கு அது வேண்டாம். அதற்குச் சொந்தமாகவே ஒரு பிடிமானம் இருக்கிறது. இந்த வித்தியாசம் எனக்குப் புத்தகத்தில் தெரியும், கைக்குத் தெரியாது.

கைக்குத் தெரிந்த ஒருவன் நினைவுக்கு வந்தான். ஒரு வருடம் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு, மாவு எழும்பவில்லை என்று அவனையே கூப்பிட வெட்கமாகத்தான் இருந்தது. கூப்பிட்டேன். "பீட்சா எனக்குத் தெரியாது டீச்சர். மாவு தெரியும். கடை மத்தியானத்துக்கு மேலதேன். காலைல வாறேன்" என்றான்.

வந்தான். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினான். அரைக் கிலோ மைதாவில் ஈஸ்ட்டைக் கலந்து, உப்பைக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரை விட்டுப் பிசைய ஆரம்பித்தான். எனக்குக் கையில் ஒட்டியது. நான் மேலும் மாவைத் தூவப் போனேன். "தூவாதீங்க டீச்சர், வரட்டியாயிரும். அஞ்சு நிமிசம் சும்மா விடுங்க, அதுவாக் கைய விட்டுரும்" என்றான். விட்டோம். சொன்னபடியே கையை விட்டது. பிறகு இழுத்து மடித்து, இழுத்து மடித்துப் பிசைந்தான். குத்தவும் இல்லை, அடிக்கவும் இல்லை. பத்து நிமிடத்தில் மாவு வழுவழுவென்று காது மடல் மாதிரி ஆகிவிட்டது.

அந்த இடத்தில் எனக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். ஒரு எலுமிச்சை அளவு மாவை எடுத்து, ஒரு கிண்ணம் தண்ணீரில் மெதுவாக அலசச் சொன்னேன் பேத்தியை. தண்ணீர் பாலாக வெளுத்தது. அது மாச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றி அலச, கடைசியில் அவள் விரல்களுக்கு நடுவில் மிஞ்சியது சவ்வு மிட்டாய் மாதிரி இழுபடும் ஒரு சின்னக் கட்டி. அதுதான் குளூட்டன் என்னும் புரதம். இத்தாலியில் பெக்காரி என்ற அறிஞர் இதே மாதிரி மாவை அலசிப் பிரித்துக் காட்டியது 1745இல் அச்சில் வந்திருக்கிறது. 280 வருடத்துக்கும் மேல் பழைய சோதனை. ஒரு கிண்ணம், ஒரு உருண்டை மாவு, தண்ணீர். வேறு செலவில்லை. இதை நான் ஒரு வகுப்பில்கூடச் செய்து காட்டியதில்லை. "புரதம் உடலை வளர்க்கும்" என்று எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யச் சொன்னேன். உங்கள் எல்லாரிடமும் இதற்கும் சேர்த்து வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது. குளூட்டன் வலை மாதிரி நின்று அந்த வாயுவைப் பிடித்து வைக்கிறது. அதனால் மாவு உப்புகிறது. நம் இட்லி மாவும் வாயுவால்தான் எழும்புகிறது. ஆனால் அங்கே முக்கிய வேலை பாக்டீரியாவுடையது, பிடித்து வைப்பதற்கு உளுந்தின் வழவழப்பு. பேத்திக்கு இட்லியும் பீட்சாவும் தூரத்துச் சொந்தம் என்று புரிந்ததும் ஒரே சிரிப்பு.

மே மாத வெயிலில் ஒரு மணி நேரத்தில் மாவு இரண்டு மடங்கானது. மார்கழியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவன் ஒரு உருண்டையை எடுத்து, விரல் நுனிகளால் நான்கு பக்கமும் மெல்ல இழுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தான். மாவுக்குப் பின்னால் அவன் விரல் நிழலாகத் தெரிந்தது, மாவு கிழியவில்லை. "இப்பிடித் தெரிஞ்சா பிசைஞ்சது சரி டீச்சர்" என்றான். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன், வெளிநாட்டு ரொட்டிக்காரர்களும் இதே சோதனையைத்தான் செய்கிறார்களாம். நம்மூர் மாஸ்டர் ஒவ்வொரு புரோட்டாவுக்கும் மாவை வீசி மேசை தெரிகிற அளவுக்கு விரிக்கிறாரே, அது இந்தச் சோதனைதான். ஒரு ராத்திரிக்கு எத்தனை நூறு தடவை அதில் தேறுகிறார்!

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் என்ற ஊரில் பீட்சா மாவைக் கையால் விரித்துச் சுழற்றிச் சுடும் தொழிற்கலையை 2017இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் சொத்து என்று பட்டியலில் சேர்த்தது. நேப்பிள்ஸில் பீட்சா பிறந்தது ராஜாக்கள் வீட்டில் இல்லை. கூலி வேலைக்காரர்கள் தெருவில் வாங்கித் தின்ற மலிவான உணவு அது. நம் புரோட்டாவும் அப்படித்தான். மலையில் நாள் முழுக்க ஏலக்காய் எடுத்துவிட்டு, லாரியில் மூட்டை ஏற்றிவிட்டு வருகிறவருக்குக் கைக்கு அடக்கமான காசில் வயிறு நிறைக்கிறது. அங்கே மாவு வீசுகிற கைக்கு உலகம் மரியாதை செய்கிறது. இங்கே அதே கையைப் பார்த்து, படித்த நாம் "விஷம் விற்கிறவன்" என்கிறோம். சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

"எங்க காலத்துல கம்பும் கேப்பையும் தின்னோம், இந்த மைதாவும் பீட்சாவும் நமக்கெதுக்கு" என்று உறவுகளில் சிலர் கேட்பீர்கள். கம்பும் கேப்பையும் நல்லவை, விடாதீர்கள். ஆனால் எங்கள் காலத்தில் பள்ளியில் கோதுமை உப்புமாவும் தின்றோம். தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்தவை. இத்தாலிக்காரர்களுக்கும் தக்காளி வந்தேறிதான். அயலூர்ச் சாப்பாடு என்பதற்காக ஒன்றைத் தள்ளினால் நம் சாம்பாரே மிஞ்சாது. தள்ளுவதானால் அளவைப் பார்த்துத் தள்ளுவோம்.

அதற்கு வீட்டில் பிசைவதுதான் வழி. கடையில் வாங்கும்போது எவ்வளவு உப்பு, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சீஸ் என்று நமக்குத் தெரியாது. வீட்டில் அளந்து போடுவது நம் கை. பிசைந்து, காத்திருந்து, சுட்டு எடுக்க மூன்று மணி நேரம் ஆகும். அவ்வளவு வேலை இருப்பதாலேயே யாரும் தினமும் செய்யமாட்டோம். அளவு தானாக வந்துவிடும். பிள்ளைகளும் எதிரே வைத்ததைத் தின்பதோடு நிற்காமல், அது எப்படி ஆனது என்று தெரிந்து தின்பார்கள்.

இன்னொன்று. கடையில் மாவு பிசைகிறவர்களில் பெரும்பாலும் ஆண்கள். வீட்டில் மட்டும் ஏன் பெண்பிள்ளைகளையே கூப்பிடுகிறோம்? பேரன்களையும் பிசையச் சொல்லுங்கள்.

செய்ய நினைப்பவர்களுக்கு அளவு: மைதா 500 கிராம் (என்னைப் போலச் சர்க்கரை உள்ளவர்கள் இருந்தால் மைதா 350, கோதுமை மாவு 150). வெதுவெதுப்பான தண்ணீர் 300 முதல் 320 மில்லி, கோதுமை மாவு கலந்தால் கொஞ்சம் கூடுதல். உப்பு இரண்டு தேக்கரண்டி தலை தட்டி. ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. பிசைந்து, எண்ணெய் தடவி மூடி வைத்து, இரட்டிப்பானதும் நான்கு உருண்டையாக்கி, இன்னும் 20 நிமிடம் விட்டு, கையால் தட்டி விரியுங்கள். அடுப்பு வசதி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இரும்புத் தோசைக்கல்லில் ஒரு பக்கம் இரண்டு நிமிடம் வேகவிட்டு, திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்தில் வதக்கிய தக்காளி, வெங்காயம், குடைமிளகாய், கொஞ்சம் சீஸ் வைத்து, மூடி போட்டுச் சிறு தீயில் ஏழெட்டு நிமிடம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். நான் ஒரு துண்டு தின்றேன். பேத்தி மூன்று தின்றாள். மாஸ்டர் ஒரு வாய் தின்றுவிட்டு, "நம்ம சால்னா இருந்தா நல்லாருக்கும்" என்றான்.

கிளம்பும்போது அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, விடுங்க டீச்சர்" என்று பதறிவிட்டான். வண்டியை எடுத்தவன், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "எங்கிட்டச் சொன்னீங்க, சரி. குரூப்புல போட்டது குரூப்புலதேன இருக்கு டீச்சர்."

அதனால்தான் இந்தப் பதிவு. போன வருடம் நான் அனுப்பிய செய்தி தவறு. படிக்காமல், விசாரிக்காமல் அனுப்பினேன். மைதாவை அளவோடு தின்ன வேண்டும், சர்க்கரை நோயாளிகள் கூடியமட்டும் தவிர்க்க வேண்டும் என்பது சரி. அது விஷம், விற்கிறவர் விஷம் விற்கிறார் என்பது தவறு. ஒரு பிள்ளை தன் அப்பாவின் தொழிலைச் சந்தேகிக்கும்படி ஆனதற்கு நான் காரணம். அந்தப் பிள்ளை இதைப் படிப்பாள் என்று நினைக்கிறேன். உன் அப்பாவின் கையில் இருப்பது ஒரு வித்தை அம்மா. ஒருநாள் அவரோடு நின்று மாவு பிசைந்து பார்.

இந்தப் பதிவை இன்றே குழுவிலும் போடுகிறேன். அந்தச் செய்தியை நான் அனுப்பியதால் நம்பி வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்கள், இதையும் அதே குழுக்களுக்கு அனுப்பிவிடுங்கள். இனிமேல் டீச்சர் அனுப்பினாலும், "ஏன் டீச்சர்?" என்று கேளுங்கள். நான் கற்றுக்கொடுத்தது அதைத்தானே.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
சிலமலை.